ஏதென்ஸ் கப்பல் ஓட்டியவன்

வெயில் ஏறுவதற்குள் சண்டை தொடங்கிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். வெயில் ஏறி உச்சிக்கு வந்தும் தொடங்கவில்லை. ஏரியின் நடுவில் பிளைவுட் பலகைக்கு அடியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தான் தாமோதரன். கையில் இன்ஜினின் கைப்பிடி. காதுக்குள் பட்டாணி அளவுக்கு ஒரு கருவி. கண்ணுக்கு நேராகப் பலகையை ஒரு முழ நீளத்துக்கு அறுத்துவிட்டிருந்தார்கள். அந்தச் சந்தின் வழியாகத்தான் அவனுக்கு ஏரி தெரிந்தது.

கரையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது கிரேக்க நாட்டுப் போர்க்கப்பல். உள்ளே உட்கார்ந்திருக்கிறவனுக்கு மூன்று ஃபைபர் போட்டுகள். பக்கம் பக்கமாக வைத்து சவுக்குக் கழிகளால் இறுக்கி, மேலே தளம் போட்டு, முன்னால் தகரம் அடித்த மூக்கு ஒன்றைப் பொருத்தி, மூக்கின் இரு புறமும் பெரிய கண் வரைந்திருந்தார்கள். துடுப்பு வரிசை பார்க்க மிரட்டலாக இருந்தது. ஆனால் துடுப்புகள் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எழுந்ததோடு சரி. கப்பலைத் தள்ளியது தாமோதரன் கையிலிருந்த இன்ஜின்.

தளத்தின் மேல் ஈட்டியோடு நின்றவர்கள் சென்னையிலிருந்து ஏசி பஸ்ஸில் வந்தவர்கள். பாதிப் பேர் வெள்ளைக்காரர்கள், மீதிப் பேர் ஜிம்முக்குப் போய் உடம்பு வளர்த்தவர்கள். துடுப்புப் போடுகிற வரிசைக்கு மட்டும் குப்பத்து ஆட்கள். கிரேக்கர்கள் சிவப்பாக இருப்பார்களாம். அதனால் காலையிலேயே மேக்கப்காரர்கள் வந்து அவர்கள் முதுகிலும் தோளிலும் சிவந்த பவுடர் குழைத்துப் பூசிவிட்டுப் போனார்கள். வேர்வையில் அது கரைந்து இடுப்பு வரை கோடு கோடாக இறங்கியிருந்தது.

"தாமு, இன்னும் எவ்ளோ நேரம்பா? முதுகு அரிச்சிக்கினு கீது," என்றான் முன்வரிசைத் துடுப்பிலிருந்த லோகேஷ்.

"சொல்லுவாங்க, இரு."

"கேப்டன் சொன்னா சரி."

லோகேஷ் அதைக் கிண்டலாகத்தான் சொன்னான். ஆனாலும் அந்த வார்த்தை தாமோதரனுக்குப் பிடித்திருந்தது. முதலில் அப்படிக் கூப்பிட்டது கம்பெனியின் மேனேஜர். முகத்துவாரத்தை மணல் மூடிக் கடல் தண்ணீர் உள்ளே வராமல் ஏரியில் இறாலும் நண்டும் அற்றுப்போயிருந்த நேரத்தில்தான் அந்த ஆள் வடகுப்பத்துக்கு வந்தார். ஏதோ வெளிநாட்டுக் கம்பெனிக்காக எடுக்கிற தொடர், பெரிய கடற்சண்டை, நிஜக் கடலில் எடுத்தால் அலை அடிக்கும், ஏரி என்றால் சௌகரியம் என்றார். போட்டு ஓட்டுவதில் யார் கெட்டிக்காரன் என்று கேட்டார். ஊர்த் தலைவர் நாகப்பன் யோசிக்காமல் தாமோதரனைக் காட்டினார். அன்றிலிருந்து அவன் கேப்டன். ஆட்களைப் பொறுக்கிச் சேர்த்ததும் அவன்தான். இத்தனை வருஷத்தில் அவன் காதுக்குள் யாரும் கருவி வைத்துப் பேசியதில்லை.

எதிரிக் கப்பலுக்கு ஆள் வேண்டும் என்றபோது மேட்டுக்குப்பத்திலிருந்து கூட்டிவந்தார்கள். வடகுப்பத்துக்கும் மேட்டுக்குப்பத்துக்கும் ஏரியில் பாட்டுத் தகராறு. எந்தப் பாட்டில், அதாவது எந்த மீன்பிடி இடத்தில், எந்த முறைக்கு எந்த ஊர் வலை வைப்பது என்பதில் வந்த வம்பு. வலைகளை அறுத்து, போலீஸ் வந்து, பேச்சுவார்த்தை நடந்து இன்னும் முடியாமல் கிடந்தது. கம்பெனிக்கு அதெல்லாம் தெரியாது. வடகுப்பத்துக்காரர்கள் ஏதென்ஸ், மேட்டுக்குப்பத்துக்காரர்கள் ஸ்பார்ட்டா என்று பிரித்துவிட்டார்கள். தாமோதரனின் மனைவி அம்பிகா மேட்டுக்குப்பத்துப் பெண். அவளுடைய அண்ணன் வேணு ஸ்பார்ட்டாவில் துடுப்புப் போட்டான்.

வேணுவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. கதாநாயகனின் தம்பி சண்டையில் செத்துப்போவான். அந்தத் தம்பியாக நடிப்பவர் ஏரித் தண்ணீரில் குப்புறப் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் முதுகும் தோளும் போல யாருக்கு இருக்கிறது என்று தேடி வேணுவைப் பிடித்தார்கள். இரண்டு நாள் அவன் ஏதென்ஸ் கவசம் மாட்டிக்கொண்டு பிணமாக மிதந்தான்.

"உயிரோட கீறப்ப ரெண்டு ஊரு. பொணமாயிட்டா எல்லாரும் ஏதென்ஸ்தான்," என்று அன்று லோகேஷ் சொன்னதற்கு இரண்டு ஊர் ஆட்களும் சேர்ந்து சிரித்தார்கள். அந்த மாதிரி சேர்ந்து சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

கதையைச் சொன்னவன் உதவி இயக்குநர் கவியரசன். தாடி வைத்த ஒல்லிப் பையன். சாப்பாட்டு நேரத்தில் மணலில் அவர்களோடு உட்கார்ந்து இலையில் சாப்பிடுவான். கம்பெனியின் மற்ற ஆட்கள் அந்தப் பக்கம் வரமாட்டார்கள்.

"ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் பக்கத்துப் பக்கத்து ஊரு மாதிரிதான் அண்ணே. ஒரே பாஷை, ஒரே சாமி. ஆனா ஆகாது," என்றான் ஒருநாள். "இந்தச் சண்டையில ஏதென்ஸ் ஜெயிச்சிடும். ஆனா அவங்களோட கப்பல் கொஞ்சம் உடைஞ்சு, ஆளுங்க தண்ணியில கெடப்பாங்க. காத்து மழை வந்துடும். தளபதிங்க அவங்கள எடுக்காமலே கரைக்குத் திரும்பிடுவாங்க."

"அடப்பாவி," என்றான் வேணு. "சொந்த ஆளுங்களயா?"

"சொந்த ஆளுங்களத்தான். ஊருக்குத் திரும்பினதும் ஜனங்க சும்மா விடல. ஜெயிச்சிட்டு வந்திருக்கோமேன்னு சொல்லிப் பாத்தாங்க, ஒண்ணும் எடுபடல. ஆறு தளபதிங்களுக்கு மரண தண்டனை."

வேணு பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டான்.

"சரியான தீர்ப்பு," என்றான் வேணு. "காத்தடிச்சா இன்னா? பொணத்தயாவது எடுத்தாந்து வூட்ல குடுக்கணுமா இல்லியா?"

தாமோதரனும் ஆமாம் என்று தலையாட்டினான்.

இப்போது காதுக்குள் கவியரசனின் குரல் கரகரவென்றது. "அண்ணே, ரெடி. கேட்குதா? கேட்குதுன்னா ஒரு தடவ ஹாரன் அடிங்க." அந்தக் கருவியில் கேட்கத்தான் முடியும், பேச முடியாது. தாமோதரன் ஹாரனை அழுத்தினான்.

காட்சியைக் காலையிலேயே விளக்கியிருந்தார்கள். ஸ்பார்ட்டாவின் கப்பல் உடைந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். விசில் சத்தம் கேட்டதும் அதிலிருப்பவர்கள் தண்ணீரில் குதித்து இடது பக்கம் நீந்தி விலகிவிட வேண்டும். பிறகு ஏதென்ஸ் கப்பல் முழு வேகத்தில் வந்து அதை நடுவில் மோதி உடைத்துக்கொண்டு போகும். தூரத்தில் ஒரு சிவப்புக் கொடி. அதுவரை போய்த்தான் நிற்க வேண்டும்.

விசில் ஊதியது. தாமோதரன் இன்ஜினைத் திருகினான். கப்பல் முதலில் முனகியது, பிறகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கிளம்பியது. மேலே ஈட்டிக்காரர்கள் கத்தினார்கள். துடுப்புக்காரர்களும் கத்தினார்கள். நடிப்பாகத் தொடங்கிய கத்தல் கொஞ்ச தூரத்திலேயே வேறாக மாறிவிட்டது.

"ஏத்து தாமு! மேட்டுக்குப்பத்தான் மேல ஏத்து!"

"வல அறுத்தான்ல, வுடாத!"

சந்தின் வழியாக உடைந்த கப்பல் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஆட்கள் தொப்புத் தொப்பென்று குதித்தார்கள். எல்லாரும் விலகிவிட்டார்கள். ஒருவனைத் தவிர. அவன் இடுப்பளவு தண்ணீரில், சாய்ந்த கப்பலின் விளிம்பை ஒட்டி நின்றிருந்தான். சண்டைக்காக அன்று மாட்டிவிட்டிருந்த கவசத்தின் வார் ஏதோ ஒரு துடுப்பு வளையத்தில் மாட்டியிருக்க வேண்டும். ஒரு கையால் அதை இழுத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தான். இன்னொரு கையை உயர்த்தி, விரல்களை விரித்துக் காட்டினான்.

அது நடிப்பில்லை. ஏரியில் தொழில் செய்கிற எவனுக்கும் அந்தக் கை தெரியும். வலை கிடக்கிறது, நிதானி, சுற்றிப் போ என்று சொல்கிற கை. எந்த ஊர்க்காரன் காட்டினாலும் இன்ஜினை அடக்குவார்கள். பாட்டுத் தகராறு முற்றியிருந்தபோதுகூட அந்தக் கையை மீறி யாரும் போட்டை ஓட்டியதில்லை.

கையைக் கண்டதும் ஆளையும் கண்டுகொண்டான் தாமோதரன். வேணு.

"ஆளு நிக்கிது," என்று கத்தினான். மேலே கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. காதுக்குள் கவியரசன் பேசிக்கொண்டேயிருந்தான். "சூப்பர்ணே, அப்படியே வாங்க, ஸ்பீடு குறையக் கூடாது. ட்ரோன் மேல இருக்கு. குறைக்காதீங்க, குறைக்காதீங்க."

இன்ஜினின் கைப்பிடி அவன் கையில்தான் இருந்தது. ஒரு திருகு திருகினால் அடங்கிவிடும். முங்கிக்குவான், மச்சான் முங்கிக்குவான் என்று அவன் மனம் சொன்னது. கை அப்படியே இருந்தது.

தகரம் மரத்தைப் பிளக்கிற சத்தம் கேட்டது. அதற்குள்ளேயே இன்னொரு சத்தமும் கேட்டது. கப்பல் ஒருமுறை குலுங்கி, உடைந்த பலகைகளைத் தள்ளிக்கொண்டு முன்னே போனது. "நிக்காதீங்க, கொடி வரைக்கும், கொடி வரைக்கும்," என்றது காது. தாமோதரன் போனான். சந்தில் இப்போது வெறும் தண்ணீரும் தூரத்துக் கொடியும் மட்டும் தெரிந்தன. பின்னால் பார்க்க வழியில்லை. அங்கிருந்து எழுந்து பலகையை முட்டித் தள்ளினால் பார்க்கலாம். அவன் எழவில்லை. கொடி வந்தது. "கட்! சூப்பர் அண்ணே! சூப்பர்!" என்றது காது. மேலே கைதட்டினார்கள். பிறகு காது சட்டென்று ஊமையானது.

மேட்டுக்குப்பத்து ஆட்கள்தான் முங்கி முங்கி வேணுவை எடுத்தார்கள். தாமோதரன் வேறு போட்டில் ஏறிக் கரைக்கு வந்து சேர்ந்தபோது வேணுவை மணலில் படுக்க வைத்திருந்தார்கள். வலது கை தோளுக்குக் கீழே எப்படி இருக்கக் கூடாதோ அப்படி இருந்தது. தகரம் கிழித்த இடங்களில் சேறு அப்பியிருந்தது. சிவந்த பவுடர் எது, ரத்தம் எது என்று பார்த்தவுடன் சொல்ல முடியவில்லை.

கரையில் ஆம்புலன்ஸ் ஒன்று நின்றிருந்தது. மேட்டுக்குப்பத்தான் ஒருவன் அதை நோக்கி ஓடினான். டிரைவர் மேனேஜரைப் பார்த்தார். ஆம்புலன்ஸ் இடத்தை விட்டுப் போனால் ஷூட்டிங்கை நிறுத்த வேண்டும், ஆர்ட்டிஸ்டுகளுக்காகப் போட்ட இன்ஷூரன்ஸில் அப்படித்தான் இருக்கிறது, வேறு வண்டி உடனே போகிறது என்றார் மேனேஜர். சாப்பாடு கொண்டுவருகிற வேன் வந்தது. சாம்பார் அண்டாக்களை இறக்கிவிட்டு வேணுவை ஏற்றினார்கள். வேன் பொன்னேரி ரோட்டில் திரும்பும் வரை தாமோதரன் பார்த்துக்கொண்டு நின்றான். ஏற வேண்டும் என்று நினைத்தான். மேட்டுக்குப்பத்துக்காரர்கள் ஏறி நெருக்கி உட்கார்ந்ததில் அவனுக்கு இடமில்லை. இடம் இருந்ததா என்று அவன் கேட்கவுமில்லை.

கவியரசன் ஒரு படகின் மறைவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

"எனக்குக் காதுல சொன்னாங்க அண்ணே. நான் உங்க காதுல சொன்னேன். எனக்கு மானிட்டர்ல ஆளு இருக்கறது தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

தாமோதரன் காதுக்குள்ளிருந்த கருவியை எடுத்து அவன் கையில் வைத்துவிட்டு நடந்தான்.

அன்று சாயங்காலம் மீன் ஏலம் போடுகிற கொட்டகையில் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் கூடினார்கள். கூடுவதற்கு முன் மேனேஜர் தாமோதரனைத் தன் காருக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார். உள்ளே ஏசி ஓடியது. அவனுடைய ஈர லுங்கி சீட்டில் பட்டுவிடாமல் அவன் நுனியில் உட்கார்ந்தான்.

"கேப்டன், மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. நடந்தது விபத்து. ஆனா அத எப்படிச் சொல்றோம்னு ஒண்ணு இருக்கு," என்றார். "ஆளு நிக்கிறது தெரிஞ்சும் போனேன்னு நீங்க சொன்னா, இன்ஜின்ல இருந்தது உங்க கை. போலீஸ் உங்களத்தான் கேக்கும். எங்கள இல்ல. விசிலுக்கு முன்னாடியே அந்த ஆளு இடம் மாறிட்டாரு, நீங்க பாக்கலன்னு சொன்னா, யார் மேலயும் தப்பு இல்ல. நாங்களும் எங்களால முடிஞ்சத அந்தக் குடும்பத்துக்குச் செய்வோம்."

"அவரு என் மச்சான் சார்."

"அதனாலதான் சொல்றேன். இன்னும் ஒரு நாள் வேலை பாக்கி இருக்கு. அது முடிஞ்சாத்தான் ரெண்டு ஊருக்கும் கூலி செட்டில் ஆகும். ஷூட்டிங் நின்னா எல்லாருக்கும் நிக்கும். உங்கள நம்பி வந்த ஆளுங்க."

கொட்டகையில் பெட்ரோமாக்ஸ் மாதிரி ஒரு எல்இடி விளக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். பெண்கள் ஓரமாக நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் அம்பிகா. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தாள். புடவை மடிப்பில் சேறு காய்ந்திருந்தது.

"சொல்லு தாமு," என்றார் நாகப்பன். "நீதான் ஓட்டன. இன்னா ஆச்சி?"

மேட்டுக்குப்பத்து ஆட்கள் அவன் வாயையே பார்த்தார்கள். தாமோதரன் தரையைப் பார்த்தான். செதில்கள் ஒட்டிக் கிடந்த சிமெண்டுத் தரை.

"விசிலு ஊதுறதுக்கு முன்னாடியே மச்சான் எடம் மாறிட்டாரு போல. சொன்ன எடத்துல இல்ல. நான் பாக்கல."

"பாக்கலியா?" என்றான் வேணுவை நீரிலிருந்து எடுத்தவர்களில் ஒருவன். "கையக் காட்டனாரே."

"சந்துல தெரியல."

நாகப்பன் பெருமூச்சு விட்டு மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கைகூப்பினார். மேட்டுக்குப்பத்து ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து போனார்கள். யாரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தாமோதரனுக்குத் தோன்றியது.

வீட்டில் அம்பிகா சோற்றைப் போட்டு அவன் முன்னால் வைத்தாள். குழம்பு ஊற்றினாள். எதிரில் உட்கார்ந்தாள். அவன் கையைத் தட்டில் வைத்தபோது சொன்னாள்.

"அவ்ளோ தூரத்துல நண்டு வல மெதப்பு ஆடுதுன்னு சொல்லுவ. என் கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது, உனக்குத் தெரியும்."

அவன் குழம்பைச் சோற்றில் கலந்தான்.

"எங்கண்ணன் உனக்குத் தெரியலியா?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அவள் எழுந்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டிய துணிகளைப் பையில் அடுக்கத் தொடங்கினாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. வேறு எதையும் கேட்கவுமில்லை. அவனுக்கு வேண்டியதையெல்லாம் செய்தாள். விருந்தாளிக்குச் செய்வதுபோல.

பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு இரண்டு நாள் கழித்துத்தான் போனான். ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு வார்டு வாசல் வரை போய், திரும்பி டீக்கடைக்கு வந்து, மறுபடி போனான். வேணுவின் மனைவி செவ்வந்தி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்து முக்காலியைத் தள்ளிக் கொடுத்தாள். "வாங்கண்ணா" என்றாள். அந்த வார்த்தையை எதிர்பார்க்காமல் அவன் நின்றுவிட்டான்.

வேணுவின் கை முழுக்கக் கட்டுப் போட்டிருந்தது. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் ஊதி, பளபளவென்று இருந்தன. ஜுரம் இறங்கவில்லை என்றாள் செவ்வந்தி. நாளைக்கு மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறார்களாம்.

"குந்து மாப்ள," என்றான் வேணு. உதடு காய்ந்திருந்தது. "இன்னா, ஷூட்டிங் முடிஞ்சிதா?"

"இன்னும் ஒரு நாளு கீது மச்சான்."

"எனக்கு இன்னும் ஒரு சீனு பாக்கி இருந்திச்சி. அந்த ஹீரோ வந்து என்னக் கட்டிப் புடிச்சி அழுவணும்." சிரிக்கப் பார்த்தான். பிறகு செவ்வந்தியைப் பார்த்து, தண்ணீர் வேண்டும் என்றான். அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அதற்காகவே காத்திருந்தவன் போலத் தலையைத் திருப்பினான்.

"மாப்ள. ஊர்ல இன்னான்னாவோ பேசறானுங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீ என்னப் பாத்தியா?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ ஸ்ட்ரெச்சரை இழுத்துப் போனார்கள். சக்கரம் கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் முடியும் வரை தாமோதரன் காத்திருந்தான்.

"இல்ல மச்சான்."

வேணு கண்ணை மூடிக்கொண்டான். முகம் இளகியது.

"அதான் நானும் சொன்னேன். எங்க ஊரானுங்களாண்ட சொன்னேன். பாத்திருந்தா எம்மாப்ள உட்டுட்டுப் போவானா? வார் மாட்டிக்கிச்சி. என் நேரம். உன் மேல ஒண்ணும் இல்ல." இடது கையை நீட்டி அவன் முழங்கையைப் பிடித்தான். கை நெருப்பாகச் சுட்டது. "அம்பிகாவ ஒண்ணும் சொல்லாத. அவ சின்னதுலருந்தே அப்படித்தான், எல்லாத்துக்கும் மூஞ்சத் தூக்கி வச்சிக்குவா."

செவ்வந்தி தண்ணீரோடு வந்தாள். தாமோதரன் எழுந்தான். சாத்துக்குடிப் பையைக் கட்டிலில் வைக்கலாமா, தரையில் வைக்கலாமா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே வந்து, வாசலில்தான் அதைக் கவனித்தான். திரும்பப் போய்க் கொடுக்க அவனால் முடியவில்லை. நடைபாதையில் படுத்திருந்த யாரோ ஒரு கிழவனின் தலைமாட்டில் வைத்துவிட்டு பஸ் ஏறினான்.

மறுநாள் வேணுவை மெட்ராஸுக்குக் கொண்டுபோனார்கள். அம்பிகாவும் கூடப் போனாள். அதே நாள் மத்தியானம் கவியரசன் வடகுப்பத்துக்கு வந்தான். முன்போல உட்காராமல் நின்றுகொண்டே பேசினான்.

"அண்ணே, கேக்கறதுக்கே எனக்கு வாய் கூசுது. அந்த க்ளைமாக்ஸ் சீன். வேணு அண்ணன் படுத்திருந்தாரே, அதுல ஹீரோ பக்கம் எடுக்க வேண்டியது பாக்கி. முதுகு மேட்ச் ஆவணும். உங்க முதுகு சரியா இருக்கும்னு டைரக்டர் சொல்றாரு."

"வேற ஆளப் பாரு தம்பி."

"பாத்துட்டோம்ணே. நாளைக்கு எடுக்கலன்னா ஹீரோ டேட் போய்டும். அப்பறம் எப்ப வருவாங்களோ. ஆளுங்க சம்பளமும்..." முடிக்காமல் நிறுத்தினான். பின்னால் லோகேஷும் இன்னும் சிலரும் வலை உலர்த்துகிற மூங்கில்களில் சாய்ந்து நின்றிருந்தார்கள். சும்மா அவனைப் பார்த்தார்கள்.

"சரி," என்றான் தாமோதரன்.

காலை வெளிச்சம் மென்மையாக இருக்கும்போதே எடுக்க வேண்டும் என்று சீக்கிரம் வரச் சொல்லியிருந்தார்கள். செல்போன்களை வாங்கி ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். உடை எடுத்துக் கொடுக்கிறவர் ஒரு கவசத்தைக் கொண்டுவந்து அவன் மார்பில் வைத்துப் பின்னால் வாரை இழுத்துக் கட்டினார். உள்பக்கம் துணி ஒட்டிய இடத்தில் வேணுவின் பெயர் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தது. "கரெக்டா இருக்கு," என்றார் அவர். மேக்கப்காரர் அவன் முதுகில் சிவந்த பவுடரைப் பூசி, அதன் மேல் பிரஷ்ஷால் சிவப்புக் காயம் வரைந்தார். பிரஷ் கூசியது.

தண்ணீரில் பிணங்கள் ஏற்கெனவே படுத்திருந்தன. மேட்டுக்குப்பத்து ஆட்கள், வடகுப்பத்து ஆட்கள், எல்லாருக்கும் ஒரே கவசம். அவன் தண்ணீருக்குள் இறங்கி அவர்களைத் தாண்டிப் போனபோது மேட்டுக்குப்பத்தான் ஒருவன் தனக்குக் குறித்துக் கொடுத்த இடத்தைக் காலால் தேடுவதுபோல ஒரு முழம் தள்ளிப் படுத்தான். தண்ணீர் தொடையளவுக்கு இருந்தது. அடியில் சேறு. காலை ஊன்றினால் வழவழவென்று உள்ளே இழுத்தது. வாடைக்காற்றில் தண்ணீர் சில்லிட்டிருந்தது.

மெகாபோனில் ஒரு குரல் வந்தது. "எல்லாரும் ப்ளீஸ். இது ரொம்ப எமோஷனலான ஷாட். இறந்துபோன வீரர்களுக்கான மரியாதை. செட்டுல ஒரு சின்ன சத்தம்கூட வரக் கூடாது. செருப்புப் போட்டிருக்கறவங்க கழட்டிடுங்க."

கரையில் நின்ற அத்தனை பேரும் செருப்பைக் கழற்றினார்கள். லைட்காரர்கள், டிரைவர்கள், சமையல்காரர்கள், குடை பிடிக்கிறவர்கள் எல்லாரும் அப்படியே நின்றார்கள். ஜெனரேட்டரை அணைத்தார்கள். ஏரி பூராவும் அடங்கிப்போனது.

தாமோதரன் மூச்சை இழுத்துக்கொண்டு குப்புறப் படுத்தான். காதுக்குள் தண்ணீர் ஏறியது. சலசலவென்று யாரோ நடந்து வருகிற அதிர்வு தண்ணீர் வழியாக வந்தது. இரண்டு கைகள் அவன் தோளைப் பற்றின. கதாநாயகன் அவன் முதுகின் மேல் முகம் வைத்து அழுதார். அழுகை முதுகின் வழியாக உள்ளே அதிர்ந்தது. ரொம்ப நேரம் அழுதார். தாமோதரனுக்கு மூச்சு முட்டியது. நெஞ்சு எரிந்தது. அசையவில்லை.

"கட்!"

தலையைத் தூக்கினான். கைதட்டல் கேட்டது. கதாநாயகனுக்கு ஒருவர் டவல் போர்த்தினார், இன்னொருவர் பிளாஸ்க்கைத் திறந்தார். தாமோதரன் முகத்து நீரை வழித்துக்கொண்டு கரையைப் பார்த்தான்.

கயிறு கட்டியிருந்த இடத்துக்கு அந்தப் பக்கம் அம்பிகா நின்றிருந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரிப் பை இன்னும் தோளில் இருந்தது. செக்யூரிட்டி ஆள் இரண்டு கையையும் விரித்து அவளைத் தடுத்துக்கொண்டிருந்தான்.

"இந்தாய்யா!" என்று அவள் கூப்பிட்டாள். குரல் கிழிந்திருந்தது. "கைய எடுத்துட்டாங்கய்யா! அண்ணனுக்கு தோளோட கைய எடுத்துட்டாங்க! உன்னத்தான் கேக்குது, மாப்ள எங்கன்னு கேக்குது!"

கரையில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். செக்யூரிட்டி அவளிடம் குனிந்து ஏதோ சொன்னான். தண்ணீரில் கிடந்த மேட்டுக்குப்பத்து ஆட்கள் எழுந்து உட்கார்ந்து, அம்பிகாவைப் பார்த்துவிட்டு, தாமோதரனைப் பார்த்தார்கள். கவியரசன் மானிட்டர் பக்கம் ஓடினான். குடைக்கு அடியில் உட்கார்ந்திருந்தவர்கள் தலை சேர்த்துப் பேசினார்கள். தாமோதரன் எழுந்து நின்றான். ஒரு காலைச் சேற்றிலிருந்து பிடுங்கி முன்னால் வைத்தான்.

மெகாபோன் கரகரத்தது.

"பியூட்டிஃபுல். சேஃப்டிக்கு ஒன் மோர் போயிடலாம். வெயில் ஏறுறதுக்குள்ள, க்விக்கா. பாடீஸ் எல்லாம் பழைய பொசிஷனுக்குப் போங்க. அந்தம்மாவ யாராவது அமைதியா இருக்கச் சொல்லுங்க. சைலன்ஸ்."

கதாநாயகன் டவலைக் கொடுத்துவிட்டு மறுபடி தண்ணீரில் இறங்கினார். கரையில் அத்தனை பேரும் மறுபடி அசையாமல் நின்றார்கள். செக்யூரிட்டி உதட்டின் மேல் விரலை வைத்து அம்பிகாவைப் பார்த்தான். அவள் புடவைத் தலைப்பை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள்.

தாமோதரன் முன்னால் வைத்த காலைப் பின்னால் எடுத்தான். மூச்சை இழுத்துக்கொண்டான். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தான்.